கொசுறாக வந்த கணக்குப் பாடம்

கள்ளக்குறிச்சியில் அடுத்தவர் வீட்டு விசேஷத்தைக் கெடுக்காமல் வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கொசுறு அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. இந்த வட்டாரத்தில் ஸ்பீக்கர் கட்டிய எந்தக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் அவர் ஒழுங்காக நடக்க விட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அவருக்கு ஒரு செல்போன் கடை. கடை என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். பக்கத்துக் கதவு என் ஜெராக்ஸ் கடை. டிராக்டர்காரர், ஷேர் ஆட்டோக்காரர், சவுண்டு சர்வீஸ்காரர் எல்லோரும் மெமரி கார்டைக் கொண்டுவந்து அவரிடம் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். கல்வராயன் மலைக்காரர்கள்தான் பெரிய வாடிக்கை. அங்கே பாதி ஊருக்கு டவர் கிடையாது. கார்டில் ஏற்றிக்கொண்டு போனால்தான் பாட்டு.

காய்கறிக்காரர் கடைசியில் ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடுகிற மாதிரி, இவர் பாட்டுகளோடு ஒரு பாடத்தைச் சேர்த்துப் போடுவார். இன்டர்நெட்டில் புரொபசர்கள் இலவசமாகப் பேசி வைத்திருக்கிறார்களே, தாவரவியல், சட்டம், பொருளாதாரம், எலும்பு முறிவு என்று, அதையெல்லாம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்வார். யாருக்கு எது பொருந்தும் என்ற கவலையே கிடையாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் சொருகிவிடுவார், கார்டுக்காரரிடம் மூச்சு விடமாட்டார். அதனால்தான் கொசுறு என்று பெயர். அவருடைய நிஜப் பெயரை அவர் மனைவி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

களமருதூரில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் ஊசி, ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பாட்டு முடிந்தது. ஆசாரி காது மடலைப் பிடித்த நேரத்தில் ஒரு அம்மையாரின் நிதானமான குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "மண்புழுவுக்குக் காதுகள் கிடையாது. தோலின் வழியாகவே அது அதிர்வுகளை உணர்கிறது." கூட்டம் சிரித்ததில் ஆசாரிக்குக் கை ஆடிவிட்டது. குழந்தைக்கு இன்றைக்கும் ஒரு கம்மல் கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே.

தாய்மாமன் மறுநாள் கடைக்கு வந்து சட்டையைப் பிடித்தார். கொசுறு அசரவில்லை.

"அந்தம்மா இன்னா தப்பா சொல்லிட்டாங்க? மண்புழுவுக்கு காது இல்ல தான?"

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு சாவு வீட்டில் ஒப்பாரிப் பாட்டுக்கு நடுவே, ஓய்வுக்காலத்துக்கு இன்றே சேமிக்கத் தொடங்குங்கள் என்று ஒருவர் அரை மணி நேரம் ஆலோசனை சொன்னார். ஷேர் ஆட்டோவில் சிறுநீரகக் கோளாறின் அறிகுறிகளைக் கேட்டுக்கொண்டே வந்த ஒரு பெரியவர், எல்லா அறிகுறியும் தனக்கு இருப்பதாக முடிவு செய்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டார். அவர் புறப்பட்டது மாட்டுக்குத் தவிடு வாங்க.

எனக்கும் விமோசனம் இல்லை. ஒருமுறை பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுறாமீனுக்குப் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும் என்று சாயங்காலம் வரை எனக்கு விளக்கினார். ஒரு மாத்திரை வாங்கித் தரலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதில் பாதி தப்பு என்பது வேறு விஷயம். ஐந்து பாடத்தை அரைகுறையாகக் கேட்டு, ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலில் ஒட்டிப் பேசுவார்.

இப்படி ஊரே திட்டிக்கொண்டிருந்த ஆளிடம்தான் செல்லம்மா வந்தாள். கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. தினை, சாமை போடுகிற குடும்பம். பாட்டு ஏற்றத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினார் கொசுறு.

"பாட்டு வேணாங்ணா. கணக்கு இருக்குதா?"

அவள் மகள் மல்லிகா மலைப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது. கணக்கு வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய் மாதக்கணக்காகிறது, புது ஆள் வரவில்லை. பரீட்சை நெருங்குகிறது. மற்ற பாடத்தில் எல்லாம் தேறிவிடும் பெண், கணக்கில் விழுந்தால் படிப்பு அத்தோடு சரி. இதைச் சொல்லிவிட்டு அவள் தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினாள்.

கொசுறு ஸ்டூலை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் பாட்டை வேண்டாம் என்று தள்ளி, பாடத்தைக் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு அவர் வேறு கார்டையே தொடவில்லை.

பட்டன் போனில் கணக்கைக் காதால் கேட்டு என்ன செய்வது? தன் வீட்டு டிவியையே கழற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் மனைவி அவருடைய நிஜப் பெயரைப் பலமுறை சொன்னது அன்றைக்குத்தான். தலைமையாசிரியரிடம் கேட்டு வகுப்பில் மாட்டினார். வாரம் தவறாமல் புதுப் பாடம் ஏற்றிக்கொண்டு மலையேறினார். புது வாத்தியார் வருகிறவரைக்கும் தாங்கினால் போதும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஒரு நாள் திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மல்லிகா கை தூக்கினாளாம். புரியவில்லை என்றாளாம். இவர் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டியிருக்கிறார். டிவியில் இருந்த புரொபசர் அதையே, அதே சிரிப்போடு, அதே மாதிரி சொல்லியிருக்கிறார். எத்தனை முறை ஓட்டினாலும் அவர் அந்தச் சிரிப்பை மாற்றவில்லை. கடைசியில் அந்தப் பெண் இவருக்காகப் பாவப்பட்டு, புரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாளாம்.

அப்புறம்தான் ஒரு அதிகாரி வந்தார். கல்வித்துறையில் பெரிய இடத்து ஆள், அருவி பார்க்கப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் ஜீப்பை நிறுத்தினார். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மெய்சிலிர்த்துப் போனார். அந்த அமைதி எதனால் என்று கேட்கத் தெரியாத பெரிய படிப்பு படித்தவர். போட்டோ எடுத்துக்கொண்டார்.

டவுனில் விழா வைத்தார்கள். கொசுறுக்குச் சால்வை, ஷீல்டு. ஊரே முன்வரிசையில். சட்டையைப் பிடித்த தாய்மாமன்கூட கூடவே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஆசிரியரே இல்லாமல் மலைக் குழந்தைகள் கணிதம் கற்கிறார்கள் என்று அதிகாரி மைக்கில் முழங்கினார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது கொசுறுதான். என்ன சொன்னார்கள் என்பது அந்த மண்டைக்குள் இறங்கவே இல்லை.

செல்லம்மா வந்துதான் இறக்கினாள். இந்த முறை ஸ்டூலில் உட்காரவில்லை.

"வாத்தியாரு வர்றதா இருந்துச்சாம். உன் பொட்டி நல்லா நடத்துதுன்னு வேற ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். நீ இன்னாத்துக்குணா போயி சால்வ போத்திக்கின?"

டேபிள் ஃபேன் அவளையும் அவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளே சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார். நானும் போனேன். இது எனக்கு வேண்டாம், நான் ஏற்றின பாடம் பசங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, வாத்தியாரை அனுப்புங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்ன ஒரு அடக்கம் என்று வியந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதே சால்வையைப் பிரித்து மறுபடியும் அவருக்கே போர்த்தி இன்னொரு போட்டோ எடுத்தார்கள்.

அடுத்து அவர் மலையேறி டிவியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். டிவி இல்லை என்றால் ஆள் அனுப்பித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டார். அவர்கள் அதைவிடப் பெரிய டிவியை அனுப்பி வைத்தார்கள்.

மல்லிகா கணக்கில் விழுந்துவிட்டாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். செல்லம்மா இந்த முறை திட்டவில்லை. மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, கடை வாசலில் நின்று சேதியைச் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதோடு கொசுறு போடுவதை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் இந்தப் பக்கத்து விசேஷங்களில் பாட்டுக்குப் பின்னால் பாட்டுதான் வருகிறது. ஒரு குழந்தைக்கும் கம்மல் கோணுவதில்லை. ஊருக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கும் வரிசையில் போய் நிற்கிறார். மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் வேண்டும், அவ்வளவுதான் மனு. அடுத்த பத்தாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறதே. மனு வாங்குகிற பெண் புதிதாக வந்தவர், நல்ல மாதிரி. போன வாரம் மனுவைப் படித்துவிட்டு அக்கறையோடு சொன்னார்.

"ஐயா, இப்பதான் ஆன்லைன்ல எல்லாப் பாடமும் ஃப்ரீயா இருக்குதே. நீங்க பாத்ததில்லீங்களா?"

பின்னால் நின்ற எனக்குச் சுரீர் என்றது. கொசுறுக்குக் கோபமே வரவில்லை.

"பாத்துட்டம்மா. எல்லாத்தையும் பாத்துட்டேன். நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்க. புரியலன்னு ஒரு பொண்ணு கையத் தூக்குனா மட்டும் அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது."

அந்தப் பெண் மனுவை வாங்கி மற்ற மனுக்களின் மேல் வைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வரும் திங்களும் போவார். வாத்தியார் வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு நானும் போகிறேன். அந்த மனுஷனை அங்கே தனியாக நிற்க விட மனசு வரவில்லை.