நாலு மணிக் கதவு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, அவ்வளவு தூரத்துக்கு என் குரல் எட்டாது. ஒரு குளியலறைக் கதவின் கதை சொல்லப்போகிறேன். பேய்க்கதை மாதிரிதான் தொடங்கும். பயப்பட வேண்டாம், இதில் யாரும் சாகமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நாலேகால் மணி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நம்மாள், தன் மாடி வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கதவுக்கு நேராக மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். கதவு வாயே திறக்கவில்லை.

கண்ணாடி விற்பது அவருக்குப் பிழைப்பு. உயிர் இருந்தது இசையில். அவரும் அவருடைய மருந்துக்கடை நண்பரும் ஏழு வருடமாக ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். ப்ராக்ரஸிவ் ராக் என்று அதற்குப் பெயர். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், அதற்குள் தாளம் ஏழு தரம் மாறும், கேட்கிறவருக்கு எந்த இடத்தில் தலையாட்டுவது என்று தெரியாது. நூறு இருநூறு வருடத்துக்கு முந்தைய பேய் நாவல்களையெல்லாம் கரைத்துக் குடித்து, பாட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கதையாக வரும்படி நம்மாள் எழுதியிருந்தார். கருங்கல் மாளிகை, பூட்டிய அறைக்குள் ஒரு பெண், செத்த பிறகும் வீட்டைக் காலி செய்ய மனமில்லாத ஒரு பிரபு.

தொடக்கம் மட்டும் அமையாமலே இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சரியாக நாலு மணிக்கு, குளியலறைக் கதவு முனகியது. ஏறியது, இறங்கியது, நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டு மறுபடி ஏறியது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அதே முனகல். கையால் தள்ளினால் வராது. அந்த நேரத்துக் காற்று பட்டால்தான் வரும் என்று நம்மாள் முடிவுகட்டினார். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அந்த முனகலின் மேல்தான் நின்றன. கதவும் டிரம்ஸும் ஒன்றாகவே பதிவாக வேண்டும், தனித்தனியாக எடுத்து ஒட்டுவது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி.

டிரம்ஸ் வாசிப்பவர் மருந்துக்கடைக்காரர்; அன்றும் பக்கத்துக் கூடத்தில் குச்சிகளோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை அவர் கடையை மூடிவிட்டு, மகளோடு இருக்க வேறு நாட்டுக்குப் போகிறார். அதற்குள் கதவு முனகாவிட்டால் ஏழு வருடமும் பாழ்.

மனைவி இரண்டு தேநீரோடு வந்தாள்.

"இன்னும் அந்தக் கதவையா பார்த்துக்கிட்டு இருக்கீங்க? அதுக்கு நேத்தே எண்ணெய் போட்டுட்டேனே."

நம்மாள் வாளியிலிருந்து சரிந்தார்.

"உங்க சிநேகிதர் வர்றாருன்னு வீட்டைத் துடைச்சேன். இந்தச் சத்தத்தைக் கேட்டா பல்லு கூசுது, மனுஷங்க குடியிருக்க வேண்டாமான்னு நல்லாத் திட்டிட்டு ஊத்தினேன். அதோட அடங்கிருச்சு."

அவள் திட்டு லேசுப்பட்டதல்ல. குளியலறையில் நின்று திட்டினால் காற்றுச் சன்னல் வழியாகக் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

நம்மாள் மண்ணெண்ணெயில் துணி நனைத்துக் கீல்களைத் துடைத்தார். கதவு அசைந்ததே தவிர முனகவில்லை. மருந்துக்கடைக்காரர் நோயைப் புரிந்துகொண்டவர் போல, காய்ந்த மரம் பேசாது, கொஞ்சம் ஊறட்டும் என்றார். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினார்கள்.

சனிக்கிழமை காலை மனைவி குளிக்கப் போனாள். ஊறிய கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டல், அப்புறம் கத்தல். மூன்றாவது பாட்டுக்குள் வருவது இதேதான் என்று மருந்துக்கடைக்காரர் மைக்கைத் தேடினார். நம்மாள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நான் வெளிய வந்ததும் உங்க பிரபுவைத்தான் முதல்ல பார்க்கணும்," என்றது உள்ளிருந்த குரல்.

தச்சர் வந்து உளியால் நெம்பி அவளை விடுவித்தார். அவள் பேசாமல் கடந்து போனது, பேசியிருந்தால் வந்திருக்கக்கூடிய பயத்தைவிட அதிகப் பயத்தைத் தந்தது. நம்மாள் மெதுவாகத் தச்சரிடம், கதவை முனக வைக்க முடியுமா என்று கேட்டார்.

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா சத்தத்தை நிறுத்தத்தான் சார் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நான் போட்ட கதவு சத்தம் போடுதுன்னு வெளிய தெரிஞ்சா, என் பொழப்பு என்ன ஆகறது?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நம்மாள் கெஞ்சினார். தச்சர் அரைமனதாகத் திருகாணிகளைத் தளர்த்தினார். கதவு ஒரு பக்கம் சாய்ந்தது, இன்னொரு பக்கம் யோசித்தது, பிறகு முழுசாக விழுந்து நடுவில் பிளந்தது. அந்த நேரத்திலும் அது முனகவில்லை. டமார் என்றுதான் விழுந்தது.

மூன்றரை மணிக்குத் தச்சர் கதவைத் தோளில் சுமந்து படியிறங்கினார். மனைவி குளியலறை வாசலில் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். காற்று வந்து அதைத் தொட்டது. விரிப்பு அழகாக ஆடியது, அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ் குச்சிகளைப் பையில் போட்டார். "விடுப்பா. ஏழு வருஷம் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்ல, அது போதும்," என்றார். நம்மாள் மைக்கின் கம்பியைச் சுருட்டினார், சுருட்டியதையே பிரித்து மறுபடி சுருட்டினார். மனைவியே பொறுக்கமாட்டாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பூகோள டீச்சர், கையில் நீளமான கறுப்புப் பெட்டியோடு நின்றார். கதவு படியிறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறார், முகமே விழுந்திருந்தது.

"முந்தாநாள் நீ திட்டினது காதுல விழுந்ததுமே நிறுத்திட்டேன்மா," என்றார் மனைவியைப் பார்த்து. "தினம் நாலு மணிக்குக் குளியலறையில நின்னு பழகினா யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சேன். ஆறு மாசமா முதல் பாடமே எனக்கு வரல. கதவைக் கழட்டி எறியற அளவுக்கு உங்களைப் படுத்தின இந்த வயலினை யாருக்காவது குடுத்துடுங்க."

உங்கள் வீட்டுக் கதவுகள் எண்ணெய் கேட்காமல் திறக்கட்டும் கண்ணுகளா. கீழ்வீட்டில் எந்நேரமும் யாராவது எதையாவது கற்றுக்கொண்டே இருக்கட்டும்.