பச்சைப் பெட்டியின் டிரைவ் குமிழைப் புவனேந்திரன் வென்ற படலம்

வாழி! மஞ்சு தவழும் மடுல்சீமை மலைமுகட்டில் மூன்றாம் நம்பர் லயமென்னும் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு அணியாய் உதித்தவனும், பொன்னையா தவமிருந்து பெற்ற தலைமகனும், தேயிலை ஆலையின் பேரடுப்பை வாரத்துக்கு ஆறு நாள் கட்டியாளும் அனற்காவலனும், ஆறு தந்தி பூட்டிய கருங்கிட்டாரைத் தாங்கிய திண்டோளனுமாகிய புவனேந்திரன் வாழி! அவன் இடக்கை விரல்நுனியில் ஏறிய காய்ப்புகள் நான்கும் வாழி! கதைக்குக் காப்பாக மின்சாரத்தையும் ஒருதரம் கும்பிட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. எங்கள் மலையில் அது வந்தால் வரம், வராவிட்டால் தவம்.

அவ்வீரன் வேண்டியது மண்ணன்று, பொன்னன்று, பெண்ணன்று. (பெண் ஏற்கெனவே வீட்டில் இருந்தாள். சுதர்ஷினி என்று பெயர். பின்னால் வருவாள்.) அவன் வேண்டியது ஓர் ஓசை. கார்முகில் இரண்டு கொம்பு கோத்து முட்டியதுபோல, மதங்கொண்ட களிறு மலைப்பாறையை நெஞ்சால் நெட்டித் தள்ளியதுபோல, கேட்டவன் நெஞ்செலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் கனத்த ஓசை ஒன்றே அவன் ஐந்தாண்டு வேட்கை. அதற்கென அவன் தேடிக்கொண்ட தேர், வால்வு ஆம்ப்ளிபையர் என்னும் பெரும்பெட்டி. பதுளையிலிருந்து கொழுந்து லொறியில், சாக்கு மெத்தையில், புதுப்பெண்போல் அசையாமல் வந்திறங்கிய அதன் வயிற்றுக்குள்ளே கண்ணாடி வால்வுகள் நான்கு கருவறைத் தீபங்களெனச் சிவந்து எரியும். ஆயினும் அதற்கொரு குணம். மெல்ல வந்த ஓசையை அது முனிவர்போல் மென்மையாகவே திருப்பிச் சொல்லும். முதுகில் கைவைத்து யாராவது பலமாக உள்ளே தள்ளிவிட்டால்தான் வால்வுகள் வெகுண்டு, உறுமி, அனல் கக்கும்.

அப்படித் தள்ளுவதற்கென்றே பிறந்த படைத்துணை, ஓவர்டிரைவ் பெடல். காலால் மிதித்து எழுப்புகிற, உள்ளங்கையளவுப் பச்சைப் பெட்டி. அதன் நெற்றியில் சுண்டைக்காய்போல் குமிழ்கள் மூன்று: ஓசையைத் தன் வயிற்றிலேயே கருக்குவது டிரைவ், ஓசையை உந்தி முன்னே அனுப்புவது லெவல், இரண்டுக்கும் நடுவே நின்று பொதுவாகத் தலையாட்டுவது டோன். இம்மூன்றில் டிரைவ்தான் நம் தலைவனோடு அன்று பொருதது.

போர்க்களமோ பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் சிசுக்களை விட்டுச்செல்லும் அக்கூடம் ஞாயிறன்று பூட்டிக்கிடக்குமாதலால், ஏணைகளை முடிச்சிட்டு மேலே தூக்கிக் கட்டிவிட்டு, அம்மாவும் ஆடும் இலையும் அரிச்சுவடிச் சுவர்ப்படங்களில் சாட்சியாய் நிற்க, பால்மா டின் அடுக்கிய மூலையில் டிரம்செட்டோடு அமர்ந்திருந்தான் ஸனூஸ். பதுளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தாளவேந்தன். புவனேந்திரனின் சேனை முழுவதும் அவன் ஒருவனே. அந்தச் சேனைக்குத்தான் பண்டாரவளையிலிருந்து வலை விழுந்திருந்தது. கல்யாண வீடுகளில் பைலா என்னும் துள்ளலிசை வாசிக்கும் குழு ஒன்று அவனை வாவென்று அழைத்திருந்தது.

ஸனூஸ் முழங்கினான்: “மச்சான், அஞ்சு வருசமா வருது வருதுன்னு சொல்ற. இன்னைக்கு சவுண்டு கனமா வந்திச்சுன்னா நான் உன்னோட. வரல்லையா, மூணே முக்கால் பஸ்ஸுல போய் அவங்களோட சேந்துருவேன். கோவிச்சுக்கிறாத.”

மணி அப்போது இரண்டரை.

புவனேந்திரன் குனிந்தான்; டிரைவ் குமிழைப் பற்றினான்; நாணேற்றும் வில்லாளன்போல் வலக்கோடிவரை திருகினான். “நெருப்பக் கொறைக்கிறவன் மனுசனே இல்ல ஸனூஸ்! முழுசா வச்சிட்டேன், பாரு!” என்று வஞ்சினம் கூறினான். இரைச்சல் கூரைத்தகரத்தைக் கடித்ததால் லெவலைக் கீழே இறக்கினான். இறக்கியபின், அண்டம் பிளக்கட்டும் என்று தந்திகளை அறைந்தான்.

அண்டம் பிளக்கவில்லை. ஈரச்சாக்குக்குள் அகப்பட்ட ஆயிரம் வண்டுகள் தம்முள் வழக்காடுவதுபோல் ஒரு நொசநொசப்பு எழுந்து, ஏணைகளைச் சற்றே அசைத்து, சன்னல்வழியே கூச்சத்தோடு வெளியேறியது. அடித்த சுருதி எதுவென்று அடித்தவனுக்கே தெரியவில்லை.

மனம் தளர்வானா மடுல்சீமை மைந்தன்? தந்தியை முறுக்கினான். பெரும்பெட்டியைக் குழந்தைகள் பலகைமேல் ஏற்றினான், இறக்கினான், சுவரைப் பார்க்க வைத்தான், கதவைப் பார்க்க வைத்தான். வயரைப் பிடுங்கி ஊதி, வேட்டியில் துடைத்து, மறுபடி செருகினான். ஒவ்வொரு படையெடுப்பின் முடிவிலும் அதே வண்டுகள், அதே வழக்கு. மூன்று பத்துக்கு ஸனூஸ் ஒரு குச்சியைப் பைக்குள் வைத்தான். மூன்று இருபதுக்கு மற்றதையும் வைத்தான். நட்பின் கொடி அவ்வாறு பாதிக்கம்பத்தில் இறங்கி நின்ற வேளையில்தான் வாசல் இருண்டது.

வந்தவள் சுதர்ஷினி. ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியின் அரசி. இலையின் ஈரத்தைத் தொட்டே அளக்கும் நுண்விரலாள்.

“ஏங்க, இங்க மாவு மில்லு தொறந்துருக்காங்களான்னு விஜயலெட்சுமி அக்கா அரிசி வாளியோட வந்து நிக்கிறாங்க. என்னன்னு சொல்றது?”

“வரச் சொல்லுங்க தங்கச்சி,” என்றான் ஸனூஸ். “மெஷினு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

புவனேந்திரன் வயரை மறுபடி பிடுங்கி ஊதினான். அவன் முகத்தைப் பார்த்த சுதர்ஷினிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பெரும்பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள்.

“இதுக்குள்ள எரியுதே, அதுதான் நெருப்பா?”

“ம். வால்வு.”

“அப்ப இந்தப் பச்சப் பொட்டிக்குள்ள?”

“அதுலயும் நெருப்புதான். முழுசா வச்சிருக்கேன்.”

“வாட்டுற மாடியிலயே நாங்க கொழுந்தக் கருக்கி அனுப்புனா, உங்க அடுப்பு என்னங்க செய்யும்?”

“என்ன செய்யும்? கரித்தூள்தான் வரும். போன மாசம் அதுக்குத்தான மேல ஏறி வந்து கத்துனேன்.”

“ஆமா, கத்துனீங்க. மூணு லயத்துக்குக் கேட்டுச்சு,” என்றாள் அவள்.

அவ்வளவுதான். அனற்காவலன் நின்ற நிலையில் உறைந்தான். வாட்டி அனுப்ப வேண்டிய பச்சைப் பெட்டியின் வாசலில் சுட்டு அனுப்பியது யார்? நெருப்பிருக்கும் பெரிய அடுப்புக்குச் சாம்பலை ஊட்டி, ஏனடா எரியவில்லை என்று அடுப்பையே வைதது யார்? பதினோராண்டு அடுப்பு காத்தவனின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஆனால் வஞ்சினம் கூறியாயிற்றே, கண்ணுகளா! கூறிய வாய் ஒன்று, கேட்ட காது இரண்டு. அதிலும் பைலாவுக்குப் போகவிருக்கும் காது. அவன் விரல் குமிழை நாடிச் சென்றது, நாணித் திரும்பியது, மீண்டும் சென்றது. குமிழோ வென்ற மன்னன்போல் வலக்கோடியில் கொலுவிருந்தது. சுண்டைக்காய்க்கும் மனிதனுக்கும் இடையே அங்கு நிகழ்ந்த அந்த அரை நிமிடப் போரில் யானைகள் வீழவில்லை, குதிரைகள் கனைக்கவில்லை. சுவர்ப்படத்து ஆடு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

“மனுசன் இல்லன்னாலும் பரவால்ல,” என்றான் புவனேந்திரன்.

திருகினான். மூன்று மணி, பன்னிரண்டு மணி, ஒன்பது மணி எனக் கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுபவன்போல் டிரைவை இடக்கோடியில் கொண்டுபோய் முட்டவிட்டான். லெவலை வலக்கோடிக்கு ஏற்றினான். பச்சைப் பெட்டியை மிதித்தான். தந்தியில் உள்ளங்கை ஓரத்தை அழுத்தி, தடித்த தந்தியை ஒரே ஓர் அறை அறைந்தான்.

அப்போது தள்ளியது பச்சை; வெகுண்டன வால்வுகள்; கரியாகாமல் பச்சையாய் வந்த ஓசையைப் பேரடுப்பு வாங்கி, வறுத்து, வார்த்தெடுத்து, இறுகக் கட்டிய கருங்கல் தூணாய்க் கூடத்தின் நடுவே நட்டது; பால்மா டின்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன; அம்மாவும் ஆடும் இலையும் ஆணியில் ஆடின; சுதர்ஷினி நெஞ்சில் கைவைத்தாள்; வாளியோடு நின்ற விஜயலெட்சுமி, அரைப்பது அரிசியையன்று, மலையை என்றெண்ணி இரண்டடி பின்வாங்கினாள்; ஸனூஸ் பைக்குள் கைவிட்டு ஒரு குச்சியை எடுத்தான், இன்னொன்றையும் எடுத்தான், எடுத்தவன் அடித்தான், அடித்தவன் நிறுத்தவில்லை; வளைவில் மூன்றே முக்கால் பஸ் மும்முறை கூவி அழைக்க, ஊவா மலைகள் ஒன்றுக்கொன்று அவ்வோசையைக் கைமாற்றி ஹாலிஎலவரை அனுப்பிவைக்க, இடியும் தாளமும் மாறி மாறி முழங்கின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டு ஸனூஸ் ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.