தட்டண்ணையும் கனடா ஸ்பீக்கரும்

எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் தட்டண்ணையின் விரல் முட்டி படாத பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. தேங்காய், கதவு, பஸ்ஸின் பக்கத் தகரம், சந்தையில் பூசணிக்காய் என்று எதைக் கண்டாலும் இரண்டு தட்டுத் தட்டுவார். காதைச் சரித்துக் கேட்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு இரண்டே வகைதான்: "உயிர் இருக்கு", இல்லாவிட்டால் "செத்திட்டுது". மகளைக் கட்டப் பிரான்சிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரிய சூட்கேசையே சபை நடுவில் தட்டி, "செத்திட்டுது" என்றவர் அவர். சூட்கேசுக்குள் ஒன்றும் இல்லை என்பது அன்று பின்னேரமே தெரிந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்பது தெரிய இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

அவருடைய தொழில், ஓட்டை விழுந்த பைபர் வள்ளங்களை அடைத்துக் கொடுப்பது. வள்ளத்தின் அடியைத் தட்டித் தட்டியே பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கரைக்கு வந்த பிறகும் அவரை விடவில்லை. எழுத்தில் உள்ள எதையும் நம்பமாட்டார். ஒரு பெட்டியில் 'ஆயிரம் வாட்ஸ்' என்று அச்சடித்திருந்தால், "அச்சடிச்சவனை ஆர் கண்டது?" என்பார்.

அவரை நாங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டி வந்தது மச்சானால்தான். நாங்கள் இருப்பது எங்கள் வீடு அல்ல. கனடாவில் இருக்கும் என் மனைவியின் தமையனுடைய வீடு. பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களை இருத்தியிருக்கிறார். மச்சான் பொல்லாதவர் அல்ல, ஆனால் சந்தேகம் பிடித்தவர். போனமுறை வந்தபோது வேலியில் ஒரு கிடுகு ஓலை சரிந்திருந்ததற்கே, "வீட்டை வேற ஆரிட்டையும் குடுக்கட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

அப்படிப்பட்ட மச்சான் ஆசையாக அனுப்பிய ஹோம் தியேட்டர் செத்துப்போனது. உப்புக் காற்று அதை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. முன் துணியைக் கழற்றி ஸ்பீக்கரைத் தொட்டேன். சுற்றியிருந்த ஸ்பொஞ்ச் வளையம் மாவாகக் கையில் உதிர்ந்தது. பெட்டிப் பலகை ஈரம் குடித்து ஊதிப்போயிருந்தது.

மச்சான் ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வார். "எங்க, ஒரு பாட்டுப் போடுங்கோ பாப்பம்," என்றார் ஒரு நாள். என் மனைவி கலா பக்கத்து வீட்டுச் சின்ன றேடியோவைப் பெரிய பெட்டிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். பாட்டு வந்தது. மச்சான் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருவதாக மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டண்ணை வந்து பெட்டியைத் தட்டினார். "செத்திட்டுது," என்றார். "பழையதைத் திருத்தேலாது. புதுப் பெட்டி நானே செய்யிறன். பட்டினத்தில ஸ்பீக்கர் மட்டும் வாங்குவம்."

"பாத்தா கனடாப் பெட்டி மாதிரியே இருக்கோணும் அண்ணை," என்றாள் கலா. "பழைய முன் துணியும் கொம்பனித் தகடும் நல்லாத்தான் கிடக்கு. அதைக் கொழுவுவம்."

"ஆரை ஏமாத்தப் போறியள்?"

நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம். அவர் பிறகு அதைக் கேட்கவில்லை.

எங்களுக்குப் பிடிக்காத விசயம் ஒன்று அன்றைக்கே தொடங்கியது. அளவெடுக்க வந்தவர் ஸ்பீக்கரோடு நிற்கவில்லை. வாசல் கதவைத் தட்டினார். யன்னல்களைத் தட்டினார். ஏணி கேட்டு ஏறிக் கூரை வளையைத் தட்டினார். குசினி அலுமாரி, கிணற்றுக் கட்டு, நான் படுக்கும் கட்டில்வரை ஒன்றும் மிச்சமில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய் யாருடனோ போனில் மெதுவாகக் கதைத்தார். நான் போனதும் நிறுத்திவிட்டு வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தாள் வீட்டை ஆருக்கோ விலை பேசுது," என்றாள் கலா.

"ஸ்பீக்கருக்கு ஏன் வளையைத் தட்டுறியள் அண்ணை?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சத்தம் சுவரிலதானே படும்?" என்றார். கிணற்றுக் கட்டில் எந்தச் சத்தம் படும் என்று கேட்க வாய் வரவில்லை. வேலையை அரைவாசியில் விட்டுப் போய்விட்டால் எங்கள் கதை முடிந்துவிடும். சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தோம்.

பெட்டிகளை அவர் வள்ளம் செய்வது போலவே செய்தார். பலகை அடித்து, மேலே பைபர் ஒட்டி, வள்ளத்து நீலமும் பூசிக்கொண்டு வந்தார். கலா அழாக்குறையாக நின்றாள். பிறகு கறுப்புப் பூசினார். அதோடு விட்டாரா? "தண்ணிக்குள்ள தாட்டுப் பாக்கோணும். காத்துப் போற ஓட்டை பெட்டியில இருந்தா 'டும்' எண்ட அடிச் சத்தம் நிக்காது," என்று கயிறு கட்டிக் கடலுக்குக் கொண்டு போனார். ஸ்பீக்கர் பூட்டாத வெறும் பெட்டி. வாயைப் பலகையால் மூடியிருந்தார். வால் போல இரண்டு வயர் மட்டும் தொங்கியது. குமிழி வருகிறதா என்று நானும் அவரும் குனிந்து பார்த்த நேரத்தில் கயிறு அவிழ்ந்தது.

பெட்டி எங்களை விட்டுப் புறப்பட்டது. குமிழி ஒன்றும் வரவில்லை என்பதில் தட்டண்ணைக்குப் பெருமை. "பாத்தீரோ, மிதக்குது," என்றார். அது மிதந்து மிதந்து, காரைநகருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் 'பாதை' என்ற மிதவையின் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே காவலுக்கு நின்ற நேவிக்காரர் கறுப்புப் பெட்டியையும் வயரையும் கண்டு, குண்டோ என்று ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். நாங்கள் ஓடிப் போனபோது சனம் வேலியோரம் நின்று எங்களைத்தான் பார்த்தது.

"இது யாரது?" என்றார் நேவிக்காரர், சிங்களவர் பாடமாகப் படித்த தமிழில்.

"எங்கட. பாட்டுப் பெட்டி," என்றார் தட்டண்ணை.

"பாட்டு எங்கே?"

"இன்னும் வைக்கேல்லை."

"ஏன் கடலில்?"

"சோதிச்சுப் பாத்தனாங்கள்."

உண்மை இவ்வளவு பொய்யாக ஒலித்ததை நான் அதுவரை கேட்டதில்லை. மூடியைக் கழற்றி உள்ளே வெறுமையைக் காட்டினோம். அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. உள்ளங்கையால் பெட்டியை அடித்துப் பார்த்தார். தட்டண்ணைக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடியில்லைத் தம்பி, முட்டியால தட்டும்," என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். இருவரும் மாறி மாறித் தட்டிக் காதைச் சரித்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்களைப் போகவிட்டார்.

ஊர் முழுவதும் கதை பரவியது. கனடாவுக்கும் போயிருக்கும் என்று கலா தலையில் கை வைத்தாள்.

பட்டினத்து ஸ்பீக்கரையும் பழைய முன் துணியையும் பூட்டி முடிக்க, திருவிழாவுக்கு மச்சான் வந்தார். சப்பாத்தைக் கழற்ற முதலே, "எங்க, பாட்டு?" என்றார். போட்டேன். பாட்டுக் குரல் கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் அடிச் சத்தம் எழும்ப, குசினியில் சட்டி பானை எல்லாம் சேர்ந்து ஆடியது. மச்சான் எழும்பிப் போய்ப் பெரிய பெட்டியின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே வள்ளத்து நீலம் சிரித்தது. கலா என் சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் மச்சான். "வீடியோவில பெட்டிக்குப் பின்னால தங்கச்சியின்ர கை தெரிஞ்சது. பிறகு நீங்கள் இவரைக் கூப்பிட்டதைக் கேள்விப்பட்டு, இவரைப் பிடிச்சு வீட்டையும் பாக்கச் சொன்னனான்." கையை வாசல் பக்கம் நீட்டினார். அங்கே நிலையில் சாய்ந்துகொண்டு தட்டண்ணை நின்றார். நாங்கள் சந்தேகப்பட்டது பாதி சரியாகப் போயிற்று. உளவாளிக்குத்தான் இவ்வளவு நாளும் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறோம்.

"ஆனா இவர் ஒரு விசயம் மட்டும் சொல்லமாட்டார்," என்று மச்சான் தொடர்ந்தார். "ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டா, 'அது எனக்கும் அவைக்கும் உள்ள வேலை' எண்டு வாயை மூடிப்போடுவார். வீட்டைக் கேட்டா, 'உயிர் இருக்கு'. அவ்வளவுதான்."

"இருக்கிறதைத்தானே சொல்லலாம்," என்றார் தட்டண்ணை. "இந்த ஒழுங்கையில பூட்டிக் கிடக்கிற வீடுகளையும் தட்டிப் பாத்தனான். நல்ல மரம், நல்ல சுவர். எல்லாம் செத்திட்டுது. உம்மட வீட்டில மட்டும் ஆக்கள் கதவு திறந்து, விளக்கு வைச்சு, சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கினம். இவையை வீட்டை விட்டு எழுப்பினீரெண்டா இதுவும் செத்திடும். பேந்து என்னைக் கூப்பிடாதையும்."

மச்சான் வாசலுக்குப் போய்க் கதவை உள்ளங்கையால் தட்டினார்.

"முட்டியால," என்றார் தட்டண்ணை.

மச்சான் முட்டியால் தட்டிக் கேட்டார். வீட்டை வேறு ஆருக்கும் கொடுக்கும் கதையை அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் எடுக்கவில்லை. கலா குசினிக்குள் போய் ஆடி விழுந்த சட்டிகளை அடுக்கிக்கொண்டே அழுதாள்.

தட்டண்ணை இப்போது பிரான்சில் மகளோடு இருக்கிறார். அந்த வெறும் சூட்கேஸ் மருமகன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் இல்லாமல் எங்கள் ஒழுங்கைக்குச் சத்தம் குறைந்துவிட்டது. என் மனம் அவரைத் தேடுகிறது. போன கிழமை போனில் வந்தார்.

"இஞ்ச ஒண்டையும் நம்பேலாது. சுவரெல்லாம் பலகை. தட்டினா பக்கத்து வீட்டுக்காரன் திருப்பித் தட்டுறான்," என்றார். பிறகு, "பெட்டிக்குக் கிட்டப் போனைப் பிடிச்சுத் தட்டும்," என்றார். தட்டினேன். "உயிர் இருக்கு," என்றார்.

"அண்ணை, போனை வைக்க முதல் உங்கட நெஞ்சில ஒருக்கா தட்டுங்கோ."

"என்னத்துக்கு?" என்று சந்தேகப்பட்டார்.

"சும்மா. முட்டியால தட்டுங்கோ."

இரண்டு தட்டுக் கேட்டது. காதைச் சரித்துக் கேட்டேன்.

"உயிர் இருக்கு அண்ணை," என்றேன். எனக்கு அது போதும்.