சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூ

சூசைநாதன் வாத்தியார் பல் தேய்க்கப் பின்பக்கம் போனால், பல் மட்டும் தேய்த்துவிட்டு வருவதில்லை என்பதை மனைவி மோலி கவனித்துவிட்டாள். துவைக்கிற கல்லின் மேல் ஏறி, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஜீவிதா இருந்தாள். வங்கி வேலைக்காக மைசூருக்கு மாற்றலாகி, தனியாக வாடகைக்கு வந்தவள்.

"அங்க என்னங்க பார்வை?"

"பூவைப் பார்த்தேன் மோலி."

பூ இருந்தது உண்மைதான். ஜீவிதா பக்கம் முழுக்க ரங்கூன் மல்லி கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. சாயங்காலம் வெள்ளை, மறுநாள் சிவப்பு. கோலார் தங்கவயலில் மோலியின் அம்மா வீட்டு வாசலிலும் இதே கொடிதான். அதனடியில் வைத்துத்தான் சூசைநாதன் அவளைப் பெண் பார்த்தார். அந்தப் பூவையுமா இவள் எடுத்துக்கொள்ள வேண்டும்?

அதோடு விட்டதா? சுவர் தாண்டி இரண்டு கொடி மோலியின் படுக்கையறை ஜன்னல் பக்கம் நீண்டது.

"எவ்வளவு தைரியம் பாரு" என்றாள். கொடியைச் சொன்னாளா ஜீவிதாவைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கணவர் பள்ளிக்கூடம் போனதும் அரிவாளை எடுத்து நறுக்கினாள். மறுநாள் வேறு இரண்டு வந்தது. அதையும் நறுக்கினாள். நறுக்க நறுக்க அந்தப் பக்கம் இரட்டிப்பாகப் பூத்தது. சூசைநாதன் சாப்பாட்டில் கை வைக்காமல் பெருமூச்சு விட்டார். அதைப் பார்க்க மோலிக்கு இன்னும் எரிந்தது.

பிறகு துவைக்கிற கல்லடியில் புதுத் தளிர்கள் முளைத்தன. சுவருக்கு அடியிலும் புகுந்துவிட்டதா? நாற்றத்தில் அவளே வீட்டைக் காலி செய்யட்டும் என்று மீன் கழுவின தண்ணீரை அங்கே கொட்டத் தொடங்கினாள்.

ஒரு நாள் ஜீவிதா சுவருக்கு மேல் தலை நீட்டினாள். "அக்கா, என்ன உரம் போடறீங்க? பூ தாங்கல."

என்ன நக்கல் பார் என்று மோலி பல்லைக் கடித்தாள்.

கடைசியில் தோட்டக்கலை அதிகாரி இராமச்சந்திரனைப் பிடித்தாள். மூல ஆபரேஷனுக்கு மோலியின் வார்டில் படுத்திருந்தவர். தினமும் கட்டு மாற்றிய நர்சு கூப்பிட்டால் வராமல் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து இவர்கள் வீடு திரும்பியதும் வந்தார்.

"விட்டுடேன் மோலி, பாவம்" என்றார் சூசைநாதன்.

"யாரு பாவம்?"

அவர் அதிகாரிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

அதிகாரி கொடியை மேலும் கீழும் பார்த்தார். "பூ நல்ல பூ, மேடம். குணம்தான் ஆக்கிரமிப்பு. அடக்கி வெச்சா அழகு, விட்டா ஓட்டைப் பிரிச்சு வீட்டுக்குள்ளயே வந்துடும்."

"கேட்டீங்களா?" என்று மோலி கணவரைப் பார்த்தாள். "நட்டவங்களே வேரோட தோண்டி எடுக்கணும், சார்."

"முதல்ல வேர் எங்கன்னு பார்க்கலாம்."

அவர் பக்கத்து வீட்டுக்குப் போவார் என்று மோலி எதிர்பார்த்தாள். அவரோ தளிர்களைப் பின்பற்றிக் குளியலறைக்குப் பின்னால் போய், அங்கே அடுக்கியிருந்த விறகை நகர்த்தினார். மணிக்கட்டுப் பருமனில் ஒரு தண்டு சுவரோடு சுவராக மேலே ஏறியிருந்தது.

"நோடி, இங்க பாருங்க மேடம், வேர் உங்க வீட்டுல இருக்கு. வெயில் தேடி அந்தப் பக்கம் போயிருக்கு. யாரு நட்டது?"

வீட்டுப்பாடம் எழுதாத மாணவனைப் போல் சூசைநாதன் மெல்லக் கையைத் தூக்கினார்.

மோலி வாய் திறப்பதற்குள் சுவருக்கு மேல் ஜீவிதாவின் தலை தெரிந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா அண்ணா? அப்பாடா. மாமியார் வீட்டுக் கொடியிலேர்ந்து ஒடிச்சு வந்து நட்ட கொம்பு, கல்யாண நாளைக்கு மோலி ஜன்னல்ல பூக்கணும், எங்க பக்கம் திருப்பிவிடும்மான்னு தினம் காலைல கெஞ்சறார் அக்கா. நானும் ரெண்டு ரெண்டு கொடியாத் திருப்பிவிடறேன், யாரோ பாவி வெட்டிட்டே இருக்காங்க."