கத்திரிக்கு வரும் பறவை

இந்த வருஷம் தேயிலை வெட்டப் போவதில்லை என்று ஷெவ்கெத் முடிவு செய்தான். முடிவு செய்தபோது அவன் கையில் கத்திரி இருந்தது, முதுகில் மூட்டை இருந்தது, எதிரே அவன் மனைவி நாஜியே இருந்தாள். அதனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடலோர ஊரான அர்ஹாவிக்கு மேலே அந்த மலைச்சரிவில் தேயிலையிடமிருந்து தப்பித்த ஆண்கள் இரண்டே வகை. இறந்தவர்கள், வல்லூறு வைத்திருப்பவர்கள். இறந்தவர்களின் சௌகரியம் பற்றி அவனுக்கு நம்பகமான தகவல் இல்லை. வல்லூறுக்காரர்களைத் தினமும் பார்த்தான். கோடை முடிந்து காடைகள் கடலைத் தாண்டி வரும் பருவத்தில், புதிதாகப் பிடித்த பறவையை இடது கையில் உட்காரவைத்துக்கொண்டு தேநீர்க்கடையில் இருப்பார்கள். அவர்களை யாரும் மூட்டை தூக்கச் சொல்வதில்லை. விறகு பிளக்கச் சொல்வதில்லை. கையில் பறவையை வைத்துக்கொண்டு பாவம், அவன் என்ன செய்வான்?

தேயிலைக் கத்திரிக்கு இரண்டு கை வேண்டும். இந்த உண்மையின் அருமை ஊரில் தனக்கு மட்டும்தான் புரிந்திருக்கிறது என்று ஷெவ்கெத் நினைத்தான்.

பறவை பிடிப்பது லேசான வேலையாக இல்லை. ஈர மண்ணைத் தோண்டிப் பிள்ளைப்பூச்சி எடுக்க வேண்டும். அதைக் காட்டிக் கீச்சான் குருவியைப் பிடிக்க வேண்டும். கீச்சானைக் குச்சியில் கட்டி ஆட்டிக்காட்டி, வல்லூறு பாய்ந்துவரும்போது வலையில் வாங்க வேண்டும். மலைமுகட்டில் தழை மூடிய குடிசைக்குள் குனிந்து உட்கார்ந்து அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த உழைப்பில் பாதி போதும், ஒரு சரிவையே வெட்டி முடித்திருக்கலாம். ஆனால் தானாக விரும்பிப் படுகிற கஷ்டத்தை எந்த ஆண் கணக்கில் சேர்க்கிறான்?

கடைசியில் ஒன்று விழுந்தது. இளம் பறவை. மஞ்சள் கண். அந்தக் கண்ணில் அவன்மேல் துளி மரியாதை இல்லை. வீட்டில் பழகிய பார்வைதான் என்பதால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் நாஜியே சோள மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"வல்லூறு."

"அது தெரியுது. ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. பொண்ணுதான் நல்லா வேட்டையாடும்."

"அது உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பழகுற வரைக்கும் கையை விட்டு இறக்கக் கூடாது, நாஜியே. இறக்கினா காட்டுப்புத்தி திரும்பிடும்."

"சாப்பாடு?"

"வலது கையால சாப்பிட்டுக்குவேன்."

"கத்திரி?"

"அதான் பாரேன்… அதுக்கு ரெண்டு கை வேணுமே."

"ஆமா. ரெண்டு கை வேணும்" என்றாள் நாஜியே. கோபமில்லை. மாவுச் சல்லடையைத் தட்டினாள். பறவை மிரண்டு கையிலிருந்து பாய்ந்து, காலில் கட்டிய தோல்வாரில் தலைகீழாகத் தொங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது. "ஐயோ பாவம், பயந்துபோச்சு" என்று உள்ளே போய்விட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான்.

தேநீர்க்கடையில் அவனுக்கு மூலையில் நாற்காலி கிடைத்தது. வல்லூறுக்காரர்களின் மேசை ஜன்னலோரம். அதன் தலைப்பக்கத்தில் ஹுர்ஷித் இருப்பார். ஊரில் பறவை விஷயத்தில் அவர் சொன்னதுதான் முடிவு. நாஜியேவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இந்த உறவை ஷெவ்கெத் அப்போது யோசித்துப் பார்த்திருக்கலாம்.

"மச்சான், நானும் உங்ககூட காடைக்கு வரட்டுமா?"

"கூட்டம்னா மிரளுதா?"

"கொஞ்சம்."

"கரண்டிச் சத்தத்துக்கு?"

பக்கத்து மேசையில் யாரோ சர்க்கரையைக் கலக்கினார்கள். பறவை தலைகீழாகத் தொங்கியது. ஹுர்ஷித் அதன் தொங்கலை மரியாதையோடு பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "சத்தத்துக்குப் பழக்கு, மாப்ளே. மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில காடை இறங்கும். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன் பறவை பறந்து திரும்பி வரட்டும். வந்துட்டா நீ எங்க ஆளு. வராட்டிப் போய்த் தேயிலை வெட்டு."

ஷெவ்கெத்துக்கு இனி ஜன்னலோரம் அல்லது கத்திரி. நடுவில் ஒன்றும் கிடையாது.

வீட்டில் நாஜியே அக்கறையாக விசாரித்தாள். "சத்தத்துக்குன்னா எந்தச் சத்தம்?"

"கரண்டி, நாய், பஸ் ஹாரன்…"

"காடை நேரத்துல மலையில என்ன சத்தம் கேக்கும்? பஸ்ஸா? சுத்திலும் கத்திரிச் சத்தம்தானே கேக்கும். அதைக் கேட்டு மிரண்டு எல்லை தாண்டி ஜார்ஜியாவுக்கே போயிட்டா?"

மறுநாள் அவன் ஹுர்ஷித்திடம் கேட்டான். ஹுர்ஷித் மீசையைத் தடவிக்கொண்டு, "புத்திசாலிப் பொண்ணு" என்றார்.

ஆக, தேயிலைக்குப் போகாமல் இருப்பதற்காக வல்லூறு பிடித்தவன், வல்லூறுக்காகத் தேயிலைக்குப் போனான். அவள் வெட்டினாள். சரக், சரக். அவன் வரப்பில் நின்றான். முதலில் பறவை தொங்கியது. பிறகு வெறித்தது. பிறகு இறகு கோதியது.

"நான் கத்திரியை நிறுத்தினதும் ஒரு துண்டு கறி குடுங்க. சத்தம் வந்தா சாப்பாடுன்னு அதுக்குப் புரியும்."

சரியாகத்தான் பட்டது. கொடுத்தான்.

"கை கடுக்கும் உங்களுக்கு. கொஞ்சம் இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

இதுவும் சரியாகத்தான் பட்டது. கொடுத்தான். கை காலியானது. காலியான கைக்குப் பக்கத்தில் நிரம்பிய மூட்டை ஒன்று நின்றது. அதைக் கீழே பாதைவரை இறக்கிவிட்டு ஏறி வந்தால் இன்னொன்று நிற்கும். அவன் மூட்டை சுமந்தபோதெல்லாம் அவள் நிழலில் உட்கார்ந்து பறவைக்கு ஊட்டினாள். இருந்தாலும் அவன் கத்திரியைத் தொடவில்லை. இதை இரவு படுக்கும்போது தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொள்வான். சொன்னால்தான் தூக்கம் வந்தது.

அவன் சீட்டி அடித்துக் கூப்பிட்டால் பறவை அவனைக் கடன் கேட்க வந்தவனைப்போலப் பார்த்தது. கத்திரி சரக்கென்றால் வேலிக்கம்பிலிருந்து பறந்து கைக்கு வந்தது. எப்படியோ வருகிறதே என்று விட்டுவிட்டான். புதிதாகப் பறவை பழக்குகிறவர்கள் செய்யும் தப்புகள் பல உண்டு. இதைச் செய்தவர் அவனுக்கு முன் யாரும் இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் அவரைக்காய்க் கொல்லையில் காடை இறங்கியது. வல்லூறுக்காரர்கள் வரிசையாக நடந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஷெவ்கெத், புதுத் தொப்பியோடு. அவன் காலடியிலிருந்தே ஒரு கொழுத்த காடை விர்ரென்று எழுந்தது. பறவையை உள்ளங்கையில் பிடித்துக் கல்லெறிவதுபோல எறிந்தான். அம்பாகப் போனது. "ஆஹா!" என்றார் ஹுர்ஷித். அந்த ஒரு சொல்லை ஷெவ்கெத் சாகும்வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குப்பின் வேறு எதுவும் கிடைக்கவில்லை.

எதிர்ச்சரிவில் சரக், சரக்.

வல்லூறு காடையை விட்டது. ஆகாயத்தில் திரும்பியது. அத்தனை பேர் தலைக்கும் மேலே பறந்து, ஷெவ்கெத்தின் சொந்தத் தோட்டத்து வால்நட் மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. மரத்தடியில் நாஜியே. அவள் முன்னால் யாரும் ஏற விரும்பாத செங்குத்துப் பகுதி, இலை முழுவதும் வெட்டாமல்.

எல்லாரும் ஏறி வந்தார்கள். ஷெவ்கெத் சீட்டி அடித்தான். கறியைக் காட்டினான். கெஞ்சினான். பறவை கடலைப் பார்த்தது.

"எதுக்குத்தான் வரும் இது?" என்றார் ஹுர்ஷித்.

அவன் கறித் துண்டை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினான்.

"கத்திரிக்கு வரும்ணே" என்றாள் நாஜியே. அடக்கமாகக் கத்திரியை அவனிடம் நீட்டினாள்.

காற்றில் ஆட்டினான். பறவை தலையைச் சாய்த்துக் கேட்டது. நம்பவில்லை.

"வெத்துக் கத்திரின்னு அதுக்குத் தெரியுது. இலையில வை, மாப்ளே."

ஜன்னலோர மேசை முழுக்க வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஷெவ்கெத் தேயிலை வெட்டினான். பறவை ஒரு கிளை இறங்கியது. கத்திரியை நிறுத்திக் கறி எடுப்பதற்குள் மறுபடி ஏறிக்கொண்டது.

"ஒரே ஆளு ரெண்டும் செய்ய முடியாதுங்க" என்றாள் நாஜியே. "கறியோட நான் நிக்கறேன். நீங்க வெட்டுங்க."

வெட்டினான். புதுத் தொப்பி வியர்வையில் நனைந்தது. யாரோ எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள்; அவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. பறவை கிளை கிளையாக இறங்கிக்கொண்டே இருந்தது. "நிறுத்தட்டுமா?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "அவசரப்பட்டா பறந்துடும்ங்க." செங்குத்தின் கடைசிச் செடியும் மொட்டையானபோது நாஜியே கையை உயர்த்தினாள். பறவை வந்து அவள் முஷ்டியில் உட்கார்ந்தது, அங்கேயே பிறந்ததுபோல.

வரப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"தங்கச்சி" என்றார் ஹுர்ஷித். "நாளைக்கும் காடை இறங்கும். பறவையோட நீ வா."

"நான்?" என்றான் ஷெவ்கெத்.

நாஜியே அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க வெட்டினாத்தானேங்க அது திரும்பி வரும்?"

அவனுக்குள் கடைசியாக ஒரு வெளிச்சம் அடித்தது. சரிவைக் கைகாட்டினான். "எதை வெட்டுறது? நம்ம தோட்டம்தான் முடிஞ்சுபோச்சே!"

"ஹுர்ஷித் அண்ணன் தோட்டத்துல இந்த வருஷம் கத்திரியே படலை" என்றாள் அவள். "அண்ணிகிட்ட நேத்தே பேசிட்டேன்."