காளை கொஞ்சம் சிரிக்கட்டும்

விழாக்குழுப் பெண் கொடுத்த அங்கி ஐங்கரனின் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் இறங்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் போட்ட அங்கி.

"இதென்னப்பா, இனிப்புப் போத்தல் மாதிரிக் கிடக்கு?" என்றாள் மனைவி கோசலை.

"உமக்கென்ன தெரியும்? இது பத்திரிகைப் படப்பிடிப்பாளர் போடுறது. இதில்லாட்டி மைதானத்துக்குள்ளை விடமாட்டாங்கள்."

வாசலில் அந்தப் பெண் "பாரிஸா?" என்று மட்டும்தான் கேட்டாள். ஐங்கரன் பிரெஞ்சில் "வுய்" என்று ஆமோதித்தான். உடனே கன்னத்தில் முத்தமிட்டு அங்கியைத் திணித்துவிட்டாள். கோசலை தையலைப் பிரித்து, இரண்டு ஊசி குத்தி, ஒருவழியாக இறக்கிவிட்டாள். அங்கி இறங்கியது. ஆனால் குனிந்தால் ஊசி குத்தியது.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஐங்கரனை எல்லோருக்கும் தெரியும். அதுதான் அவனுடைய கவலையும். ஊரில் வயதுக்கு வந்த பெட்டைகளையெல்லாம் சடங்கன்று தாமரைப் பூவுக்குள்ளும் மேகத்தின் மேலும் இருத்திப் படம் காட்டியவன் என்பதால், 'சாமத்திய வீட்டு ஐங்கரன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போன மாதம் பிராங்க் என்றொரு வெள்ளைக்காரன் எங்கோ சின்ன ஊரிலிருந்து போன் எடுத்து, யூலை பதினாலு தேசிய தினக் கொண்டாட்டத்தில் ரோடியோ என்கிற காளைச் சவாரி நடக்கிறது, படம் எடுக்க வரமுடியுமா என்று கேட்டான். அன்றைக்கே கடைக் கண்ணாடியில் 'சர்வதேசப் புகைப்படக் கலைஞர்' என்று ஒட்டியாயிற்று. எதிர்க்கடை ஸ்டூடியோ மகாலிங்கம் அதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் ஐங்கரனைக் காலையில் ரயிலேற்றியது. வழியெல்லாம் ஒன்றுபோலவே 'சென்' என்று தொடங்குகிற ஊர்ப் பெயர்கள். தூங்கிப்போனவனைக் கோசலை உலுக்க, பதறி இறங்கினான். வெளியே ரோடியோ விளம்பரம் தொங்கியது.

அமெரிக்காவைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஊர் முழுவதும் கௌபாய் தொப்பியோடு வந்திருந்தது. பாண்டு வாத்தியம் முழங்க, முதல் வீரன் காளையின் முதுகில் பாய்ந்து வந்தான். ஐங்கரன் லென்ஸ் மாற்றி நிமிர்வதற்குள் அவன் மண்ணில் கிடந்தான்.

"படம் வந்ததோ?" வேலிக்கு அப்பாலிருந்து கோசலை கேட்டாள்.

"சொல்லாமல் விழுந்தால் எப்பிடி எடுக்கிறது? கலியாண வீட்டிலை மாப்பிளை தாலியைக் கையிலை பிடிச்சபடி நிக்கமாட்டாரே?"

இந்தமுறை விடக்கூடாது என்று ஐங்கரன் மைதானத்தின் நடுவுக்கே போனான். அடுத்த வீரன் வெளியே வந்ததும் கையை உயர்த்தினான்.

"மெசியு! நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ! இஞ்சாலை பாருங்கோ! சிரியுங்கோ!"

இதென்ன சத்தம் என்று அந்த அப்பாவி திரும்பிப் பார்த்தான். பார்த்த அடுத்த நொடியே விழுந்தான்.

விழுந்ததையாவது எடுப்போம் என்று ஐங்கரன் பிளாஷைத் தட்டினான். காளை விழுந்தவனை விட்டுவிட்டு, வெளிச்சம் வந்த திசையை நோக்கித் திரும்பியது.

ஐங்கரன் ஓடினான். குனிந்து ஓடினால் ஊசி குத்தியது, குத்தியதும் துள்ளினான், துள்ளினால் கமரா வயிற்றில் இடித்தது, இடித்ததும் மறுபடி குனிந்தான். கூட்டம் எழுந்து நின்று கூவியது. வேலியில் ஏறியவனின் அங்கி கம்பத்தில் மாட்டிக்கொள்ள, அந்தரத்தில் தொங்கினான். காற்சட்டை பின்பக்கம் கிழிந்தது. காளை வந்து அவன் சப்பாத்தை முகர்ந்து பார்த்தது.

தொங்கியபடியே அதன் மூக்கை ஒரு படம் எடுத்தான்.

"இறங்குங்கோ அப்பா! முழு ஊரும் சிரிக்குது!"

"சிரிக்கேல்லை. ரசிக்கிறாங்கள். லாச்சப்பல் சனத்துக்குக் கலை விளங்காது. இவங்களுக்கு விளங்குது."

அவன் சொன்னதற்குச் சாட்சியாக மேயரே ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர் வழிய ஐங்கரனைக் கட்டிப்பிடித்தார்.

"இப்படி ஒரு கலைஞனை இந்த ஊர் கண்டதில்லை! எங்கள் பையனின் உயிரையும் காப்பாற்றினீர்கள். அடுத்த வருஷமும் நீங்கள்தான்!"

பூங்கொத்து வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஐங்கரன் ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கண்ணைத் துடைத்தான்.

"கேட்டீரோ? 'கலைஞன்' எண்டு மேயரே சொல்லிப்போட்டார். இதை வீடியோ எடுத்து மகாலிங்கத்துக்கு இப்பவே அனுப்பும்."

கோசலை அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஐங்கரனின் போன் அடித்தது. பிராங்க்.

"மெசியு ஐங்கரன், நீங்கள் எங்கே? பக்கத்து ஊர் ரோடியோவில் காளைக்கு முன்னால் ஓடிச் சிரிப்புக் காட்டப் பாரிஸிலிருந்து வந்த கோமாளி தவறி எங்கள் ஊரில் இறங்கிவிட்டான்; காலையிலிருந்து அவன்தான் இங்கே படம் எடுக்கிறான், நன்றாகத்தான் எடுக்கிறான்."