மனையில் நானே உட்காருவேன்

காஜா பேராங், மலாக்கா
ஹேவிளம்பி வருடம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த சிரம்பான் மச்சான் கருணாகரன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ருக்மணியின் புருஷன் கலியாணசுந்தரம் கைகூப்பி எழுதுவது. இங்கே ருக்மணியும் கல்யாணப்பெண் சந்திரமதியும் மாரியம்மன் தயவில் சௌக்கியம். நான் மெலிந்துகொண்டிருக்கிறேன். அங்கே தாங்களும் அக்காளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். சபையில் ஒருவனைச் சிரிப்பாகச் சிரிக்க வைத்துவிட்டு ரயில் ஏறிப் போனவருக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். வைகாசியில் சந்திரமதியின் நிச்சயதார்த்தம் நம் வீட்டில் நடந்ததே, அந்தச் சபைதான். ஐயர் என்னை மனைப்பலகையில் உட்காரச் சொன்னதும், நான் நாற்காலி கேட்டதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. என் வயிறு முன்னால் போய்விடுவதால் கால்கள் மடங்க இடமில்லை, அவ்வளவுதான். அதற்கு நீங்கள், புக்கிட் பாரு சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "மச்சானுக்குச் சம்மணம் போட வராது. கல்யாணத்தன்னைக்கு நானும் என் வீட்டுக்காரியும் மனையில உக்காந்து தாரை வார்த்துக் குடுத்துடுறோம், மச்சான் நாற்காலியில உக்காந்து பார்க்கட்டும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மச்சான், அன்றைக்கு நான் சாப்பிட்டது எதுவும் இறங்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டியவன் நான். அதை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கா இத்தனை வருடம் வளர்த்தேன்? அன்றைக்கே முடிவு கட்டினேன். உடம்பைக் குறைப்பது, சம்மணம் போடுவது, மனையில் நானே உட்காருவது. இந்த நாடே அடுத்த மாதம் சுதந்திரம் வாங்கப்போகிறது, தெருவெல்லாம் மெர்டேக்கா மெர்டேக்கா என்று பேச்சு. நான் மட்டும் இரண்டாம் சோற்றுக்கு அடிமையாக இருப்பதா?

முதலில் சீனன் மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். கடை முதலாளித் தௌகே எடைக்கல்லை நகர்த்திக்கொண்டே போனவர், தராசு கெட்டுவிடும் என்று இறங்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராகப் பின் தெருவில் இருக்கும் டிரஸர் பொன்னுதுரையிடம் போனேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். என் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "என்ன காணும், உமக்கு ஒரு வருத்தமும் இல்லை. சோறுதான் வருத்தம். ஒரு நேரத்துக்கு ஒரு மங்குச் சோறு, மறுசோறு கேக்கப்படாது. விடிய வெள்ளென நடவும். இருந்து எழும்பிப் பழகும். மருந்து ஒண்டும் வேண்டாம், போம்" என்றார். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். மருந்து கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மங்கு என்றால் ஒரு கிண்ணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் தங்கைக்கு மட்டும் தெரியவில்லை. முதல் நாள் அவள் கொண்டுவந்த மங்கில் ரசம் வைத்துப் பத்துப் பேருக்குப் பரிமாறலாம். நான் கோபித்துக்கொண்ட பிறகு சின்ன மங்குக்கு வந்தாள். ஆனால் கரண்டியின் பின்பக்கத்தால் சோற்றை அமுக்கி அமுக்கி, சிமெண்டு போட்டதுபோல் இறுக்கி, அதன் தலையில் ஒரு கோபுரமும் கட்டிக் கொண்டுவந்தாள். இது என்ன என்றால், "ஒரு மங்குதானே சொன்னாரு டிரஸர்? எண்ணிப் பாருங்க, இது ஒண்ணுதான்" என்கிறாள். அவள்மேலும் தப்பில்லை. நான் மறுசோறு வேண்டாம் என்று எழுந்த அன்றைக்கு, குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ, என்மேல் ஏதாவது கோபமோ என்று அடுப்படியில் போய் அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிக் கிழவி வேறு, நமக்கு உறவுமுறை இல்லையென்றாலும் உயிரையே வைத்திருக்கிறவள், நான் இளைப்பதைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, தினமும் வேலிக்கு மேலே ஒரு தட்டுப் பலகாரத்தை நீட்டி, "மாக்கான் லா எஞ்சே, சிக்கிட் சாஜா" என்கிறாள். கொஞ்சம்தான் ஐயா, சாப்பிடுங்கள் என்று அவர்கள் பேசும் மலாயில் சொல்கிறாள். அவள் கொஞ்சம் என்பது ஒரு வாழையிலை நிறைய. அத்தனையையும் நான் கும்பிட்டு வாங்கி, அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோய் என்னோடு கணக்கெழுதும் மற்றக் கிராணிமார்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆபீசில் எல்லாரும் தடித்துக்கொண்டு வருகிறார்கள். நான் அசையவில்லை.

நடையும் தவறுவதில்லை. சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுக் குடையோடு காஜா பேராங் ரோட்டில் நடந்தால், பின்னால் வருகிற தெரிந்தவனெல்லாம் பிரேக் போட்டு, "ஏறுங்க கிராணி" என்கிறான். ஏற மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு போகிறான். அதையும் பொறுத்துக்கொண்டேன். இருந்து எழும்பும் பயிற்சியை எங்கே செய்வது என்பதுதான் பெரும் பாடாக இருந்தது. வீட்டில் செய்தால் ருக்மணி பயப்படுகிறாள், வாசலில் செய்தால் தெருவே கூடுகிறது. யோசித்துப் பார்த்து, கோயிலில் பிள்ளையார் சந்நிதியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் என்னைவிடப் பெரிய தொந்தியை வைத்துக்கொண்டு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார், என் கஷ்டம் அவருக்குப் புரியும். ஆனால் கும்பிட வருகிறவர்கள் மூன்று போட்டுவிட்டுப் போகிற இடத்தில், ஒரு மனுஷன் காதை விடாமல், பாதி இறங்கி முக்கி முக்கி எழுந்து, முகமெல்லாம் வியர்வை வழிய நின்றால், ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. குருக்களே ஒரு நாள் என் காதோரம் வந்து, "எதுவா இருந்தாலும் அம்பாள் மன்னிச்சுடுவா, வீட்டுக்குப் போங்கோ" என்றார். வியர்வையைக் கண்ணீர் என்று எண்ணிவிட்டார்கள் மச்சான். கிராணி ஏதோ மகாபாவம் செய்துவிட்டார், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு தினமும் பிள்ளையாரிடம் காதைப் பிடித்து அழுகிறார் என்ற சேதி, நான் நடப்பதைவிட வேகமாகப் புக்கிட் பாருவுக்கு நடந்து போய்விட்டது.

இந்த நேரத்தில்தான், ஆடி பிறக்குமுன் ஒரு விருந்து என்று சம்பந்தி மருதமுத்து எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். டிரஸரிடம் கேட்டேன். "போம். முதல் பரிமாறல் முடிஞ்ச உடனே இலையை மூடிப்போடும்" என்றார். சொன்னபடியே செய்தேன். நீளப் பெஞ்சில் வரிசையாக இலை. எனக்கு எதிரே மாப்பிள்ளை ஜெயபாலன், பரிமாறுவது சம்பந்தியின் அக்காள் அஞ்சலை அம்மாள். ஒரு கரண்டிச் சோறு சாப்பிட்டு முடித்தேன், கீழ்ப்பாதி சுத்தமாகிவிட்டது. மேல்பாதியில் இரண்டு அதிரசமும் ஒரு வடையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அஞ்சலை அம்மாள் பாயச வாளியோடு என் பக்கம் திரும்பினார். கண்ணில் படாமல் மூடிவிட வேண்டும், வாளி வருவதற்குள் மூடிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், கீழ்ப்பாதியை அப்படியே தூக்கி மேலே தள்ளி, அந்த அதிரசங்களின் மேல் கவிழ்த்து அழுத்திவிட்டேன். அழுத்தின கையை எடுப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சுப விருந்தில் இலையைத் தன் பக்கம் மடக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடக்குவது எந்த வீட்டுச் சாப்பாட்டில் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அஞ்சலை அம்மாள் வாளியைத் தரையில் வைத்துவிட்டார். "என்னாங்க இது! எழவு வூட்டுல மடக்குறாப்போல மடக்கிப்புட்டாரு! எங்க வூட்டுல யாரு செத்துப்போனா?" என்றார். சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு புக்கிட் பாருவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் ஆள் விட்டுக் கேட்டதற்கு, "ஆடி போவட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. கல்யாண வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ருக்மணி பூஜையறையை விட்டு வரவில்லை. சந்திரமதி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் மங்கில் அவளே சோறு போட்டுக்கொண்டுவந்து, "இனிமே நல்லா சாப்பிடுங்கப்பா, மாமாவே உக்காந்து குடுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். மச்சான், அந்தச் சோற்றை நான் தொடவில்லை. எழுந்து சட்டையை மாட்டினேன், குடையை எடுத்தேன், புக்கிட் பாருவுக்கு நடந்தேன்.

நன்றாகக் கவனியுங்கள், நடந்தேன். வைகாசியில் மூலைக்கடைக்கு நடந்தாலே நின்று நின்று மூச்சு வாங்கினவன், வெயிலில் புக்கிட் பாரு வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தேன். மருதமுத்து வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "என்னா சம்பந்தி, நடந்தா வந்தீங்க?" என்று எழுந்துவிட்டார். அதற்குள் அஞ்சலை அம்மாள் கதவுக்கு வந்து, "மொதல்ல அதச் சொல்லச் சொல்லு. எலைய எதுக்கு அப்புடி மடக்குனாரு?" என்றார்.

"அக்கா, அந்த அதிரசத்தப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியலக்கா."

"அதிரசத்துக்குப் பயந்தா மடக்குனீங்க?"

"பயந்துதாங்க்கா. நான் ஒரு மங்குக்கு மேல சாப்பிடக் கூடாது."

"சரி, கோயில்ல தெனம் காதப் புடிச்சிக்கிட்டு அழுவுறீங்களாமே, அது எதுக்கு?"

"அது அழுகை இல்லக்கா, வேர்வை. சம்மணம் போட வரணும்னு பழகுறேன். எம் பொண்ண நான்தான் மனையில உக்காந்து குடுக்கணும். வேற யாரும் குடுக்கக் கூடாது."

மருதமுத்து சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அஞ்சலை அம்மாள் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தலைவாழை இலை. அதைப் பெஞ்சில் போடவில்லை, தரையில் போட்டார். "உக்காருங்க பாப்போம்" என்றார். நான் சுவரைப் பிடித்தேன், தூணைப் பிடித்தேன், மருதமுத்துவின் தோளைப் பிடித்தேன், பிள்ளையாரை நினைத்தேன், உட்கார்ந்தேன். சம்மணம்! வலது காலும் மடங்கியது, இடது காலும் மடங்கியது. அஞ்சலை அம்மாள் ஒரு கரண்டிச் சோறு போட்டார். இரண்டாவது கரண்டியை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே சட்டியில் திரும்பப் போட்டுவிட்டார். சாப்பிட்டு, இலையை என் பக்கமாக அழகாக மடக்கினேன். "கல்யாணத்துலயும் இப்புடியே மடக்குங்க. மெர்டேக்கா முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழமைன்னு பேசுனோம், அதுல மாத்தம் இல்ல" என்றார். பிறகு எழுந்து வீடு வந்து சேர்ந்தேன். ருக்மணி சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள், சந்திரமதி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே மச்சான், இதனால் தங்களுக்குத் தெரியப்படுத்துவது என்னவென்றால், தாங்களும் அக்காளும் தாய்மாமன் சீரோடு முதல் நாளே வந்துவிட வேண்டியது. பட்டு வேட்டி கட்டிக்கொள்ளுங்கள், சபையில் முன்வரிசையில் நில்லுங்கள், உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் மனை என்னுடையது. நாற்காலி வேண்டுமென்றால் சொல்லுங்கள், தங்களுக்கு ஒன்று போட்டு வைக்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட நான் மேசையில் எழுதவில்லை. நடுவீட்டில் பலகை போட்டு, சம்மணம் போட்டு, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் அறியவும். அக்காளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், எல்லாரும் அளவோடு சாப்பிட்டு நீடூழி வாழ அம்மனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
க. கலியாணசுந்தரம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. ருக்மணி ஒரு கையை இழுத்தாள், சந்திரமதி மறு கையை இழுத்தாள், செட்டிக் கிழவி வேலியைத் தாண்டி வந்து பின்னாலிருந்து தள்ளினாள், நான் பலகையோடு நகர்ந்தேனே தவிர எழவில்லை. இப்போதும் உட்கார்ந்தபடியேதான் இதை எழுதுகிறேன். புக்கிட் பாருவில் எழுந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது மருதமுத்துவும் மாப்பிள்ளை ஜெயபாலனும். உட்காருவதுதான் எனக்கு வந்திருக்கிறது மச்சான், எழுவது இன்னும் வரவில்லை. கல்யாணத்துக்குள் வருமா என்று நேற்று டிரஸரிடம் கேட்டேன், அவர் மறுபடியும் என் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். அதனால் ஒரு உதவி. மனையில் நான்தான் உட்காருவேன், அதில் மாற்றமில்லை. நீங்கள் முன்வரிசையில் நிற்க வேண்டாம், என் பின்னால் நில்லுங்கள். பெண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க எனக்கு ஒரு கை வேண்டும்.